நிந்தவூரில் நான் கண்டுபிடித்த ஆறு

திருச்சியில் மேசையை விட்டு எழுந்திருக்காமலேயே நிந்தவூரின் மண்ணுக்கடியில் ஓர் ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தத் திமிரோடுதான் இலங்கைக்குப் போனேன். போன பிறகு ஐந்து நாட்களும் ஒரே குழப்பம். தூங்கிய நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் யாராவது ஏதாவது சொல்வார்கள், நான் தலையை ஆட்டுவேன், பிறகு அது வேறு ஏதோ என்று தெரியவரும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் தரைக்கு மேலே தெரிகிற மண், பாறை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வோம். அங்கங்கே துளைத்த கிணறுகளில் எத்தனை அடியில் என்ன வந்தது என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்வோம். இரண்டையும் கணினிக்குக் கொடுத்தால் தரைக்கடியில் இருப்பதை அது முப்பரிமாண உருவமாகக் காட்டும். மணல் மஞ்சள், களிமண் சாம்பல், பாறை சிவப்பு. திருப்பிப் பார்க்கலாம், கேக் வெட்டுவதுபோல் குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கணினிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஊகிக்கிறோம்.

கல்முனைக்குத் தெற்கே, அம்பாறைக் கரையோரத்தில் இருக்கிறது நிந்தவூர். அங்கே கடலை ஒட்டிய ஒரு தெருவில் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. தெருக்காரர்கள் ஒரு தண்ணீர்க் குழு அமைத்திருந்தார்கள். நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு குழாய்க்கிணறு அடித்து, அங்கிருந்து தெரு முழுக்கக் குழாய் போடுவது அவர்கள் திட்டம். துளைக்கிற இயந்திரம் வெளியூரிலிருந்து ஒரு நாளைக்குத்தான் வரும். தவறான இடத்தில் துளைத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாம் என்பதற்கு வழியில்லை.

அந்தப் பக்கத்தில் முன்பு கிணறு அடித்த ஒருவரின் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு கிணறுகள், அழகான கையெழுத்து. "பெரிய பள்ளி, மணல் 32 அடி, நல்ல தண்ணி." "சின்னப் பள்ளி, மணல் 28 அடி, நல்ல தண்ணி." இப்படியே போயிற்று. வரைபடத்தில் ஒவ்வோர் இடத்தையும் தேடி நட்டேன். உருவம் தயாரானதும் கடலோரமாக ஒரு தடித்த மணல் பட்டை வளைந்து ஓடுவது தெரிந்தது. 'புதைந்த பழைய ஆற்றுப்பாதை' என்று அறிக்கையில் எழுதினேன். அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, இங்கே துளையுங்கள் என்று அனுப்பினேன். அந்தப் புள்ளியை நேரில் பார்த்து உறுதி செய்வதற்காகத்தான் இந்தப் பயணம்.

குழப்பம் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது. கல்முனையில் ஏறி, காரைதீவு தாண்டியதும், நிந்தவூர் இன்னும் எவ்வளவு தூரம் என்று நடத்துநரிடம் கேட்டேன். "ரெண்டு கட்டை இரிக்கி" என்றார். சாலையின் குறுக்கே இரண்டு கட்டை போட்டிருப்பார்கள், ஏதாவது சோதனைச் சாவடியாக இருக்கும் என்று கண்ணை அகல விரித்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டையும் வரவில்லை. கடைகள் போயின, வீடுகள் போயின, பிறகு வயல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். "கட்டைண்டா மைல்தானே தங்கச்சி! நிந்தவூர் பின்னுக்குப் பெய்த்து" என்று சொல்லிவிட்டு என் பங்குக்கும் சேர்த்து அவரே சிரித்தார்.

வயல் நடுவே பெட்டியோடு நின்ற என்னை ஏற்றிக்கொள்ள ஆட்டோவோடு வந்தவர் றியாஸ். தண்ணீர்க் குழுவின் செயலாளர், ஐம்பது வயதிருக்கும். திரும்பும் வழியில் டயர் பஞ்சரானது. அவர் டயரைக் கழற்ற, நான் வெயிலில் நின்று வயலைப் பார்த்தேன். எங்கள் காவிரிக்கரை வயல் மாதிரியே இருந்தது. அந்த வழியே போன எல்லோரும் "என்ன காக்கா, காத்துப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் காக்கா என்றால் பறவை, இங்கே அண்ணன். அந்தச் சொல் என் வாயில் வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

தங்குவதற்கு ஹாஜறா என்பவரின் வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். கணவர் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். வீட்டில் ஹாஜறாவும் மகள் ஷிபானாவும் மட்டும். குளிக்கப் போனால் சோப்பு நுரைக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு உப்பு. குடிக்கிற தண்ணீர் வண்டியில் வருமாம், வராத நாளில் பக்கத்துத் தெருவுக்குக் குடம் தூக்க வேண்டுமாம். ஆனால் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும். சிவப்பரிசிச் சோறு, அறுக்குளா மீனில் தேங்காய்ப்பால் விட்ட பாலாணம், கூனி இறால் சம்பல். மூன்றாவது தடவை சோறு வைக்க வந்தபோது போதும் என்றேன். "போதுமெண்டா என்ன, பசிக்கல்லயா?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் என் கருவி சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டு போய் அதே வீட்டின் பின்வளவில் நின்றது. அங்கே கருங்கல்லில் ஒரு புதிய அத்திவாரம் நாலு பக்கமும் எழும்பியிருந்தது. புள்ளி அதன் நடுவில்.

"இது என்ன கட்டடம்?" என்று கேட்டேன்.

"ஷிபானாட ஊடு" என்றார் ஹாஜறா.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி முடித்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். ஷிபானாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. வரும் நோன்புக்கு முன்னால் நிக்காஹ் வைப்பதென்று பேச்சு. இதையெல்லாம் றியாஸ் எனக்குத் தனியாகச் சொன்னார். அறிக்கையில் புள்ளி வைக்கும்போது அதன்மேல் ஒரு பெண்ணின் வீடு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கொஞ்சம் அங்கால தள்ள ஏலாதா மிஸ்?" என்று ஹாஜறா கேட்டார்.

இயந்திரம் நிற்க இடம் வேண்டும். மதிலுக்கும் பழைய வீட்டுக்கும் நடுவில் இதைவிட்டால் வேறு இடம் கிடையாது. அதைச் சொன்னேன்.

"தண்ணி மெய்யா வருமா?"

"கண்டிப்பா வரும்" என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஹாஜறா அத்திவாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அப்ப எடுங்க. ஒரு தெருவே குடிக்கிற தண்ணி, அது ஸதக்கா, பெரிய தருமம். புள்ளைட ஊட்ட மறுகா பாப்பம்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் போடப் போனார். கதவோரமாக நின்றிருந்த ஷிபானா அத்திவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்க நிலத்தில் நடப்பவரை நம்புவார்கள், கணினியோடு போகிற என்னை நம்ப மாட்டார்கள். இங்கே ஒரே சொல்லில் நம்பிவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் ஊர்க் கிணறுகளைச் சரிபார்க்கப் போனேன். உப்பு அளக்கிற கருவி ஒன்று கையில், அதை நம்பாமல் நாக்கில் விட்டுப் பார்க்கிற பழக்கமும் உண்டு. முதலில் உயர்நிலைப் பள்ளிக்கூடம். நோட்டுப் புத்தகத்தின் 'பெரிய பள்ளி' அதுதான். குழாயை அடித்து ஒரு வாய் குடித்தேன், துப்பிவிட்டேன். கருவியும் என் நாக்கின் கட்சியிலேயே சேர்ந்துகொண்டது.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"அடிச்ச நாள்லருந்தே சவர்தான் மிஸ். செடிக்குக்கூட ஊத்துறல்ல."

புத்தகத்தில் நல்ல தண்ணீர் என்று இருக்கிறதே! ஆரம்பப் பள்ளிக்குப் போனேன், அதாவது 'சின்னப் பள்ளி'க்கு. அங்கேயும் உப்பு. ஆனால் எனக்கு எந்தக் குழப்பத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கத் தெரியும். கடல் நீர் பின்னாளில் உள்ளே ஏறியிருக்கும், ஆற்று மணலில் ஆழமாகப் போனால் நல்ல நீர்தான் என்று குறிப்பேட்டில் எழுதினேன். இன்னொன்றும் உறுத்தியது. பெரிய றோட்டு ஓடுகிற இடம் மேடான மணல். பார்த்தாலே தெரிகிற மேடு. என் உருவத்திலோ அங்கே மணல் வெறும் மேல்பூச்சாக இருந்தது. கண் ஒன்று சொல்கிறது, கணினி ஒன்று சொல்கிறது. அப்போதும் நான் கணினியின் பக்கம்தான் நின்றேன்.

"இந்தப் புத்தகம் எழுதியவரைப் பார்க்க முடியுமா?" என்று றியாஸிடம் கேட்டேன்.

"அவர் மௌத்தாப் பெய்த்தாரே" என்றார். இறந்துவிட்டார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டுத் தொலைத்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில் அலவாங்குச் சத்தத்தில் விழித்தேன். எங்கள் ஊரில் அது கடப்பாரை. ஹாஜறாவும் அவருடைய தம்பியும் அத்திவாரக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இயந்திரம் வருகிறது, அதற்குள் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும். பெயர்த்த கற்களை ஷிபானா ஒவ்வொன்றாகத் தூக்கி மதிலோரமாக அடுக்கினாள். நான் உதவிக்குப் போனால் "நீங்க இரிங்க மிஸ், கையில காயம் வந்துரும்" என்று விரட்டிவிட்டார்கள்.

மத்தியானம் றியாஸ் தொலைபேசியில் அழைத்தார். "அஸருக்குப் பொறகு பெரிய பள்ளிக்கி வாங்க மிஸ். நிருவாகத்தாக்களும் வருவாங்க, நாளைய வேலையப் பத்திக் கதைப்பம்."

அஸர் என்றால் பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் என்று கேட்டு வைத்திருந்தேன். சரியாக நேரத்துக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்து வாயில் பூட்டியிருந்தது. நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. அரை மணி நேரம் நின்றேன். நானும் ஆடும்தான். அலுத்துப்போய் அழைத்தேன்.

"எங்கே இருக்கீங்க? நான் வந்து ரொம்ப நேரமாச்சு."

"நான் பள்ளிலதானே நிக்கிறன் மிஸ்! நீங்க எவடத்த?"

"நானும் பள்ளி வாசலில்தான் நிற்கிறேன்."

"வாசல்லதான் நானும் நிக்கிறன். எல்லாரும் நிக்காங்க. ஒங்களக் காணல்ல."

"கேட் பூட்டியிருக்கே?"

"பள்ளிய ஆரு பூட்டுற? இப்பதானே தொழுது முடிஞ்ச."

தொழுது. அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் விளங்கியது. எங்கள் ஊரில் முஸ்லிம்கள் தொழுகிற இடம் பள்ளிவாசல். வெறுமனே பள்ளி என்று எழுதினால் பிள்ளைகள் படிக்கிற இடம். இங்கே பள்ளி என்றால் பள்ளிவாசல் மட்டும்தான். படிக்கிற இடத்துக்கு ஸ்கூல் என்றோ பள்ளிக்கூடம் என்றோ முழுதாகச் சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்துக்காரர் தன் ஊர்த் தமிழில் சரியாகத்தான் எழுதியிருந்தார். நான் என் ஊர்த் தமிழில் தவறாகப் படித்திருக்கிறேன். அதுவும் தமிழ்தானே, இதற்கு ஆள் வைத்துக் கேட்க வேண்டுமா என்ற மிதப்பு.

ஓடாத குறையாகப் பெரிய பள்ளிக்குப் போனேன். பெரிய றோட்டின் மேட்டில், நான் மணல் இல்லை என்று சொன்ன அதே மேட்டில் இருந்தது. வாயிலருகே கால் கழுவுகிற குழாயில் கையேந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர். அங்கே நின்ற பெரியவர்கள், 'பாவம், இந்தப் பெண்ணுக்கு என்ன தாகமோ' என்று பார்த்தார்கள். "சின்னப் பள்ளி எங்கே இருக்கு?" என்று றியாஸிடம் கேட்டேன். கடைத்தெருவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அதுவும் மேட்டில்தான்.

ஆட்டோவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பள்ளி என்று பெயர் போட்ட கிணறுகளைக் கடற்கரையிலிருந்து பிடுங்கி மேட்டில் நட்டேன். கணினி கொஞ்சம் யோசித்தது. பிறகு என் ஆறு காணாமல் போனது. தடித்த மணல் அப்படியே பெரிய றோட்டோடு ஒட்டிக்கொண்டது. ஹாஜறாவின் பின்வளவுக்கடியில் கொஞ்சம் மணல், பிறகு கறுப்புக் களி, அதன்கீழே சிப்பி மணலில் கடல் உப்பு. அவ்வளவுதான் இருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. நாளை அங்கே துளைப்பார்கள், உப்புத் தண்ணீர் வரும், அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என்னை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கௌரவமாகத் திருச்சிக்குத் திரும்பிவிடலாம். இரண்டு நிமிடம்தான் அப்படி நினைத்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் ஆட்டோ வீடு வரும்வரை நினைத்தேன்.

வீட்டில் அத்திவாரத்தின் நாலு பக்கமும் பெயர்த்தாகியிருந்தது. வெறும் பள்ளம். மதிலோரம் கல் இடுப்பளவு. ஹாஜறா பைப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. அதைப் பார்த்தபிறகு வாய் தானாகத் திறந்துவிட்டது. பள்ளியை நான் பள்ளிக்கூடம் என்று நினைத்ததையும், ஆறு இல்லை என்பதையும், இங்கே தண்ணீர் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் அழுகை வந்தது.

ஹாஜறா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்கட ஊர்ல பள்ளிக்கி என்ன சொல்ற?"

"பள்ளிவாசல்னு சொல்லுவோம்."

"அப்ப வாசலோட நிண்டுக்கிற. உள்ளுக்குப் போய்ப் பாக்கிறல்ல."

மதிலோரக் கற்களைக் கையால் காட்டினார்.

"காலத்தால இருந்து நாங்க கல்லுப் பேக்கிறம். நீங்க பாத்துக்கிட்டிரிந்தீங்க. எவடத்த பள்ளியெண்டு ஒரு வார்த்தை, இந்தப் புள்ளைட்டக் கேட்டிரிந்தாலும் சொல்லியிரிக்கும்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஷிபானாதான் பேசினாள். நான் வந்த நாளிலிருந்து அவள் குரலை அப்போதுதான் சரியாகக் கேட்டேன். "அப்ப என்ட ஊடு இஞ்சதானே உம்மா?"

"ஓம்" என்றார் ஹாஜறா. அதற்குமேல் அன்று என்னோடு பேசவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து எனக்குச் சோறு மட்டும் வைத்தார், நிறையவே வைத்தார். அது கோபமா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

றியாஸ் பள்ளி நிர்வாகத்தோடு பேசி முடித்தார். ஐந்தாம் நாள் காலை இயந்திரம் பெரிய பள்ளியின் பின்வளவில் நின்றது. ஹாஜறாவின் தெருப் பெண்கள் பக்கத்து ஒழுங்கையில், அதாவது சந்தில், கூடினார்கள், நானும் அவர்களோடு நின்றேன். ஹாஜறா கொஞ்சம் தள்ளி நின்றார். முப்பது அடிவரைக்கும் மணல்தான் வரும், களியே வராது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இருபதாவது அடியிலேயே களி வந்தது. கறுப்பாக, கொழகொழவென்று, மேலே மேலே வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மிஸ் இது?" என்று றியாஸ் மதிலுக்கு மேலால் கேட்டார்.

"தெரியலை காக்கா" என்றேன். ஐந்து நாளில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். "நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் போகச் சொல்லுங்க."

மூன்று அடி போனதும் களி நின்றது. மறுபடி மணல், வெள்ளையாக, பருமனாக. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பீறிட்டது. அது தெளிந்து வரும்வரை யாரும் நகரவில்லை. பிறகு றியாஸ் ஒரு போத்தலில் பிடித்து வந்து என்னிடம் நீட்டினார். எனக்குக் குடிக்கப் பயமாக இருந்தது. அப்படியே ஹாஜறாவிடம் கொடுத்தேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நின்று, இன்னொரு வாய்.

"நல்ல தண்ணி" என்றார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், போத்தல் கைகை மாறிப் போனது. ஹாஜறா றியாஸைக் கூப்பிட்டார். "காக்கா, தெருவுக்குப் பைப்பு வர முந்தி எனக்கு நாலு கேன் தண்ணி வேணும். சவர்த் தண்ணில சீமெந்து குழைச்சா செவரு பொரிஞ்சி விழுந்துரும். என்ட புள்ளைட அத்திவாரத்த இந்தத் தண்ணில குழைச்சிக் கட்டப் போறன். இண்டைக்கே."

கேன்கள் நிரம்பின. இரண்டை ஹாஜறா எடுத்துக்கொண்டார், ஒன்றை ஷிபானா. நாலாவது தரையில் இருந்தது. ஹாஜறா நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி, முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற புள்ள? தூக்கன்."